துளை போடுமுன் தண்ணீரைப் பாருங்கள்

படகும் கருவியும்: வாசகர் கேள்வி-பதில்

நீர்கொழும்பிலிருந்து பாணந்துறைவரை இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியவை. எக்கோ சவுண்டர் என்றும் ஃபிஷ் ஃபைண்டர் என்றும் விற்கப்படும் ஆழம் காட்டும் கருவியின் ட்ரான்ஸ்டியூசரை (நீருக்குள் ஒலி அனுப்பிக் கேட்கும் பகுதியை) சிறு படகில் எங்கே பூட்டுவது என்பதுதான் அது. பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னுடையது 18 அடி ஃபைபர் படகு, 25 குதிரைவலு அவுட்போட் எஞ்சின். புதிதாக 5 அங்குலத் திரையுள்ள ஃபிஷ் ஃபைண்டர் வாங்கினேன். கடையில் "பின்னுக்கு எங்கேயாவது பூட்டுங்கள்" என்கிறார்கள். எஞ்சினுக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா? எவ்வளவு தள்ளி?
(வாசகர், மட்டக்குளி)

பதில்: அணியத்தை (படகின் முன்புறத்தை) பார்த்து நின்றால் வலப்பக்கம். விசிறியின் (எஞ்சினின் புரொப்பெல்லரின்) நடுவிலிருந்து 15 அங்குலமாவது தள்ளி. ஆனால் இந்த இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு துளை போட்டுவிடாதீர்கள்.

ட்ரான்ஸ்டியூசர் ஒலியைக் கீழே அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. தண்ணீருக்குள் ஒலி நன்றாகப் போகும். காற்றுக் குமிழியைச் சந்தித்தால் அந்த இடத்திலேயே சிதறித் திரும்பிவிடும். ஆகவே ட்ரான்ஸ்டியூசரின் முகத்துக்கடியில் குமிழி ஓடினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாக இருந்தாலும் தரையைக் காட்டாது. இடத்தைத் தேர்வது என்றால் படகு ஓடும்போது குமிழியில்லாத நீர் எங்கே வருகிறது என்று தேடுவதுதான்.

வலப்பக்கத்துக்குக் காரணம் விசிறியின் சுழற்சி. ஒற்றை எஞ்சின் படகுகளில் பெரும்பாலும் வலஞ்சுழி விசிறியே இருக்கும். முன்னோக்கி ஓடும்போது பின்னால் நின்று பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். அதன் அலகுகள் வலப்பக்கத்தில் கீழே இறங்குகின்றன, இடப்பக்கத்தில் மேலே ஏறுகின்றன. ஏறும் பக்கத்தில் நீர் அதிகம் கலங்கும். உங்கள் விசிறி எதிர்த்திசையில் சுற்றுவதாக இருந்தால் ட்ரான்ஸ்டியூசரும் இடப்பக்கம் போகவேண்டும்.

15 அங்குல இடைவெளிக்கு வேறொரு காரணமும் உண்டு. ட்ரான்ஸ்டியூசர் தானே தண்ணீரைக் கிழித்து, தனக்குப் பின்னால் குமிழித் தடம் ஒன்றை விடுகிறது. அதை விசிறிக்கு நேர் முன்னால் வைத்தால் அந்தத் தடத்தை விசிறி விழுங்கும். எஞ்சின் வெறுமையாக இரைந்து படகின் இழுவை குறையும். எஞ்சினை முழுவதும் இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள், தூக்கியும் பாருங்கள். எந்த நிலையிலும் அது ட்ரான்ஸ்டியூசரிலோ கேபிளிலோ தட்டக்கூடாது. அதற்காகப் படகின் விளிம்புவரை தள்ளிவிடவும் வேண்டாம். திரும்பும்போதும் அலையில் சரியும்போதும் விளிம்புப் பக்கம் நீரைவிட்டு எழுந்துவிடும்.

இனிப் படகின் அடியைப் பாருங்கள். அடியில் நீளவாட்டில் ஓடும் வரம்புகள், திருகாணித் தலைகள், தண்ணீர் வெளியேறும் துளை, முன்பு எப்போதோ ஒட்டுப்போட்ட மேடு ஆகிய எல்லாமே தமக்குப் பின்னால் குமிழி வரிசையை விடும். ட்ரான்ஸ்டியூசர் இவற்றில் எதற்கும் நேர் பின்னால் வரக்கூடாது. இரண்டு வரம்புகளுக்கிடையே உள்ள வழுவழுப்பான பகுதியே நல்லது.

பிறகு படகை வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் லைஃப் ஜாக்கெட் அணிந்து, உறுதியாகப் பிடித்துக்கொண்டு பின்பலகைக்கு (எஞ்சின் பூட்டும் பலகைக்கு) மேலாகக் குனிந்து பார்க்கவேண்டும். பலகையின் கீழ் விளிம்பிலிருந்து நீர் பிரியும் இடத்தில் சில பகுதி வெள்ளையாக நுரைத்திருக்கும், சில பகுதி கண்ணாடிபோல் தெளிவாக ஓடும். தெளிவாக ஓடும் இடத்துக்கு நேர் மேலே பலகையில் சோக்கால் குறி இடுங்கள். களனி ஆறு கடலில் விழும் இடத்தில் நீர் கலங்கலாக இருப்பதால் இதைச் செய்வது சிரமம். கொஞ்சம் வெளியே, நீலத் தண்ணீருக்குப் போய்ப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் உடனே துளை வேண்டாம். ட்ரான்ஸ்டியூசரின் தாங்கியை 2 அடி நீளப் பலகைத் துண்டு ஒன்றில் திருகி, அந்தப் பலகையை இரண்டு ஜீ கிளாம்பால் பின்பலகையில் இறுக்குங்கள். கழன்றால் கடலோடு போகாமல் மெல்லிய கயிற்றால் கட்டியும் விடுங்கள். கிளாம்பைத் தளர்த்தி 2 அங்குலம் அப்படியும் இப்படியும் நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஓட்டிப் பாருங்கள். திரையில் தரைக்கோடு எந்த இடத்தில் வேகத்திலும் அறுபடாமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் படகுக்குரிய இடம். ஒரே அச்சில் வார்த்த இரண்டு படகுகளில்கூட எஞ்சின் உயரமும் பாரமும் மாறினால் இந்த இடம் மாறும். பக்கத்துப் படகைப் பார்த்து அளவெடுக்கவேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

கேள்வி: இடம் தெரிந்துவிட்டது. எவ்வளவு ஆழத்தில், எந்தச் சரிவில் பூட்டவேண்டும்? துளை போட்டால் பின்பலகை ஊறிவிடும் என்று பயமாக இருக்கிறது.
(வாசகர், வத்தளை)

பதில்: பயம் நியாயமானது. நம்முடைய ஃபைபர் படகுகளின் பின்பலகை பெரும்பாலும் உள்ளே மரமோ பிளைவுட்டோ வைத்து மேலே ஃபைபர் போர்த்தியது. நீர்மட்டத்துக்குக் கீழே சீலன்ட் இல்லாமல் போட்ட ஒரு 4 மில்லிமீட்டர் துளை போதும், சில பருவங்களில் உள்மரம் உக்கி எஞ்சின் ஆட்டம் காணும்.

முதலில் உயரம். ஃபைபர் படகில் ட்ரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடியைவிட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கீழே இருக்கட்டும். அலுமினியப் படகுக்கு 10 மில்லிமீட்டர் வேண்டும். இன்னும் ஆழமாக இறக்கினால் தெளிவாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது எதிர்மாறு: தண்ணீர் மோதிப் பின்னால் பீய்ச்சும், முகத்தில் குமிழி உருவாகும், தாங்கியும் முறியும்.

அடுத்தது சரிவு. படகு மிதக்கும்போது பக்கவாட்டில் முகம் நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். படகின் அடிச் சரிவுக்கு அல்ல. முன்பின்னாகப் பார்த்தால் பின் விளிம்பு முன் விளிம்பைவிட 1 முதல் 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது நல்லது. நீர் முகத்தை அழுத்திக்கொண்டு ஓடும், குமிழி தங்காது. முன் விளிம்பு தாழ்ந்துவிட்டால் முகத்துக்கடியில் வெற்றிடம் உருவாகித் தரைக்கோடு மறையும். சரிவை அலட்சியமாக விட்டால் இன்னொரு நட்டமும் உண்டு. 5 பாகை பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் 40 மீட்டர் ஆழத்தில் கருவி பார்க்கும் இடம் படகுக்கு நேர் கீழிருந்து மூன்றரை மீட்டர் விலகிவிடும். 10 பாகை என்றால் 7 மீட்டர். கொழும்புக்கு வெளியே பாரிலும் (கடலடிப் பாறைத் திட்டிலும்) கப்பல் உடைவுகளிலும் தூண்டில் விடுகிறவர்களுக்கு இது சின்ன விடயமல்ல. 1917இல் ஜெர்மன் கப்பலான வுல்ஃப் விதைத்த கண்ணிகளில் மூழ்கிய வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் போன்ற உடைவுகள் இருக்கும் ஆழங்களில் சில மீட்டர் தவறினால் தூண்டில் வெறும் மணலில் விழும்.

இனித் துளை. 4 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டின் நுனியிலிருந்து 25 மில்லிமீட்டரில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் வழுவழுப்பான ஜெல்கோட் படையைத் தாண்டும்வரை ட்ரில்லைப் பின்பக்கமாகச் சுற்ற விடுங்கள். அப்போதுதான் அது நட்சத்திரம்போல் வெடிக்காது. பிறகு முன்பக்கம் சுற்றித் துளையை முடியுங்கள். வெளியே வரும் தூளைக் கவனியுங்கள். வெளிர் நிறத்தில் காய்ந்து வந்தால் நல்லது. ஈரமாக, கறுத்து, புளித்த வாசனையோடு வந்தால் பலகை ஏற்கெனவே ஊறியிருக்கிறது. அங்கேயே நிறுத்திப் படகு கட்டுபவரிடம் காட்டுங்கள். அந்த நிலையில் ட்ரான்ஸ்டியூசரைவிட எஞ்சின்தான் முதற்கவலை.

மரத்தைக் காப்பாற்ற உறுதியான வழி ஒன்றுண்டு. துளையை 10 மில்லிமீட்டருக்கு அகலமாக்கி, தடிப்பாக்கிய எப்பொக்சியால் முழுவதும் நிரப்புங்கள். அது காய்ந்து இறுகியபின் அதன் நடுவில் 4 மில்லிமீட்டர் துளை போடுங்கள். திருகாணி மரத்தைத் தொடாது. நாளை சீலன்ட் விட்டுப்போனாலும் நீர் மரத்துக்குள் போக வழியில்லை. இதற்கு ஒரு நாள் கூடுதலாகச் செலவாகும். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கவேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறோம்.

திருகாணி 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். துளைக்குள்ளும் ஆணியின் மரையிலும் கடலுக்குரிய பொலியூரித்தேன் சீலன்ட் தடவி முறுக்குங்கள். குளியலறைக்கு விற்கும் சிலிக்கன் வேண்டாம். நீர்மட்டத்துக்குக் கீழே அதன் பிடி நெடுநாள் நிற்காது. பொலிசல்பைட் வகையும் ட்ரான்ஸ்டியூசரின் பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; சில பிளாஸ்டிக்குகளை அது அரிக்கும். தாங்கியில் நீளவாட்டுக் காடி இருக்கும். ஆணியைக் காடியின் நடுவில் வைத்து முறுக்கினால் பின்னர் மேலும் கீழும் நகர்த்தலாம்.

கேபிளைப் பின்பலகையின் மேல் விளிம்பு வழியாகக் கொண்டுபோவதே எளிது. துளை வழியாகத்தான் வேண்டும் என்றால் நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே போடுங்கள். கேபிள் முனையிலுள்ள பிளக் நுழையும் அளவுக்குத் துளை வேண்டும். பிளக்கை வெட்டிச் சிறு துளையில் நுழைக்க முயலாதீர்கள்.

கேள்வி: எங்கள் படகைத் தினமும் கரையில் இழுத்து ஏற்றுகிறோம். பின்னால் பூட்டிய ட்ரான்ஸ்டியூசர் இரண்டுமுறை உடைந்துவிட்டது. உள்ளேயே ஒட்டினால் வேலை செய்யும் என்கிறார்கள், உண்மையா?
(வாசகர், தெஹிவளை)

பதில்: உண்மை, சில நிபந்தனைகளோடு. கரையில் இழுக்கும் படகுக்கு இதைவிட நல்ல வழி குறைவு. மணலும் உருளைக்கட்டையும் தொட முடியாத இடத்தில் ட்ரான்ஸ்டியூசர் இருக்கும்.

ஒலி கெட்டியான ஃபைபரை ஊடுருவும். மரத்தையும், ஃபைபர்களுக்கிடையே நுரை வைத்த அடியையும் ஊடுருவாது. நுரைக்குள் இருப்பதும் காற்றுதானே. தளத்துக்கடியில் மிதப்புக்காக நுரை ஊற்றியிருந்தால் அந்த இடத்தில் அதை வெட்டியெடுத்து வெறும் ஃபைபர்வரை போகவேண்டும். ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் 'டக்' என்று ஒலிக்கும், இடைவெளியுள்ள இடம் பொத்தென்று கேட்கும். இடத்தைப் பின்பகுதியில், ஏராவுக்கு (அடியின் நடு முதுகுக்கட்டைக்கு) பக்கத்தில், படகு வேகமெடுத்து அணியம் உயரும்போதும் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியில் தேடுங்கள். வெளிப்புற வரம்புக்கு நேர் மேலாக வேண்டாம்.

ஒட்டுமுன் சோதனை அவசியம். படகை ஒரு பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் நிறுத்தி, ட்ரான்ஸ்டியூசரை வெளியே நீரில் தொங்கவிட்டு ஆழத்தைக் குறியுங்கள். பிறகு உள்ளே, தேர்ந்த இடத்தில், சிறிது நீர் ஊற்றி முகத்தை அடியோடு அழுத்திப் பிடியுங்கள். நீர் தேங்காத இடமாக இருந்தால் பொலித்தீன் பைக்குள் நீரும் ட்ரான்ஸ்டியூசரும் வைத்துப் பையை அடியில் பதியுங்கள். இரண்டு அளவும் ஒத்து வந்து, தரைக்கோடு கொஞ்சம் மெலிந்தால் பரவாயில்லை. ஆழமே வராவிட்டால் இடத்தை மாற்றுங்கள். இந்தச் சோதனையை நீங்கள் மீன்பிடிக்கும் ஆழத்திலும் ஒருமுறை செய்துவிடுங்கள். 15 மீட்டரில் சரியாக இருப்பது 60 மீட்டரில் மங்கிப்போகலாம்.

ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் இரட்டை எப்பொக்சி வாங்குங்கள். 5 நிமிட எப்பொக்சி சூடேறிக் குமிழி விடும். இடத்தை 80 இலக்க மணற்தாளால் உரசி, அசிட்டோனால் துடைத்துக் காயவிடுங்கள். காற்றோட்டம் இருக்கட்டும், பெற்றோல் தாங்கியை அகற்றிவிடுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். களிமண்ணாலோ பட்டியாலோ சுற்றிவரச் சிறு அணை கட்டுங்கள். எப்பொக்சியைக் காற்றுக் கலக்காதபடி மெதுவாகக் கலக்கி அணைக்குள் ஊற்றி, ட்ரான்ஸ்டியூசரைச் சற்றுச் சரித்து ஒரு விளிம்பை முதலில் இறக்கி, திருகித் திருகி அழுத்துங்கள். முகத்துக்கடியில் சிக்கிய காற்று பக்கவாட்டால் வெளியேறும். மேலே பாரம் வைத்து 24 மணித்தியாலம் அசைக்காமல் விடுங்கள். கொழும்பு வெயிலில் எப்பொக்சி நினைத்ததைவிட விரைவாக இறுகும். காலையிலேயே, நிழலில், தேவையான அளவை மட்டும் கலந்து செய்யுங்கள். ஒரு குமிழி தங்கினாலும் கழற்றித் திருத்த வழியில்லை, வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

அடி சரிவாக இருந்தால் நேராக ஒட்டிய ட்ரான்ஸ்டியூசரும் சாய்ந்துதான் பார்க்கும். அப்போது 4 அங்குல பீவீசி குழாய்த் துண்டு ஒன்றின் அடி விளிம்பை அந்தச் சரிவுக்கு ஏற்றவாறு வெட்டி, ஃபைபரால் அடியோடு ஒட்டுங்கள். உள்ளே புரொப்பிலீன் கிளைகோல் நிரப்பி, ட்ரான்ஸ்டியூசரை அதில் மட்டமாக அமர்த்தி மூடியால் மூடலாம். திரவம் முகத்துக்கு மேலாக நிற்கவேண்டும். மாதமொருமுறை அளவைப் பாருங்கள்.

உள்ளே வைப்பதில் இழப்பவை இரண்டு. நீரின் வெப்பநிலை தெரியாது, படகின் அடியின் வெப்பநிலைதான் வரும். பக்கவாட்டையும் அடியையும் படம்போல் காட்டும் ஸ்கேன் வகைகள் 455, 800 கிலோஹேர்ட்ஸில் இயங்குகின்றன; அந்த அதிர்வெண் ஃபைபரைத் தாண்டுவதற்குள் தேய்ந்துவிடும். சாதாரண 50/200 அல்லது 83/200 கிலோஹேர்ட்ஸ் ட்ரான்ஸ்டியூசரையே வாங்குங்கள்.

கேள்வி: நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் ஆழம் சரியாக வருகிறது. வேகமெடுத்தால் எண் மினுங்கி நின்றுவிடுகிறது. கருவி பழுதா?
(வாசகர், ஹெந்தளை)

பதில்: நிற்கும்போது சரியாகக் காட்டுகிறது என்றால் கருவி நன்றாகவே இருக்கிறது. குமிழிதான் காரணம். எண் மினுங்குவது, தரையைத் தொலைத்துவிட்டுக் கடைசியாகக் கண்ட ஆழத்தைக் காட்டுகிறது என்பதற்கு அடையாளம். மினுங்கும் எண்ணை நம்பி ஆழம் குறைந்த இடத்துக்குள் போகவேண்டாம்.

ஒரே நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். முதலில் பின் விளிம்பை 1 மில்லிமீட்டர் தாழ்த்தி ஓட்டுங்கள். போதவில்லையென்றால் தாங்கியை 3 மில்லிமீட்டர் இறக்குங்கள். இறக்கியபின் பின்னால் நீர் உயரமாகப் பீய்ச்சினால் அளவு மிஞ்சிவிட்டது, பாதி ஏற்றுங்கள். மூன்று நான்கு முறை செய்தும் சரிவராவிட்டால் இடமே தவறு. முதற்பதிலில் சொன்ன கிளாம்ப் சோதனைக்குப் போங்கள். எஞ்சினின் ட்ரிம் (முன்பின் சாய்வு) மாறினாலும் அணியம் உயர்ந்து முகத்தின் சரிவு மாறும் என்பதால், திருத்தும்போது ட்ரிம்மைத் தொடாதீர்கள்.

கேள்வி: 28 அடிப் படகு, உள்ளே டீசல் எஞ்சின். அடியில் துளைத்து வைக்கும் வகை வாங்க நினைக்கிறேன். எந்த இடம்?
(வாசகர், முகத்துவாரம்)

பதில்: உங்கள் படகு நீரைத் தள்ளிக்கொண்டு மெதுவாக ஓடும் வகை. நீர்மட்ட நீளத்தை அணியத்திலிருந்து அளந்து, மூன்றிலொரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட பகுதியில் வையுங்கள். விசிறி, சுக்கான், எஞ்சினுக்கு நீர் எடுக்கும் வாய் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கவேண்டும். ஏராவை ஒட்டி வைத்தால் ஒலிக்கற்றையின் ஒரு பக்கத்தை ஏரா மறைக்கும். அதனால் கொஞ்சம் விலக்குங்கள். உள்ளேயிருந்து கை எட்டும் இடமாக இருப்பது முக்கியம், ஏனெனில் கசிவைப் பார்க்க அடிக்கடி குனியவேண்டி வரும்.

உலோகத் தேர்வில் தவறு நடந்தால் படகு மூழ்கும் அளவுக்குப் போகலாம். மரப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் வெண்கலம் பொருந்தும். மரத்தில் பிளாஸ்டிக் உறையை வைக்காதீர்கள். மரம் நீரில் ஊதி அதை நெரித்து உடைக்கும். அலுமினியத்தில் வெண்கலம் கூடவே கூடாது. உப்புநீரில் அலுமினியம் அரித்துப்போகும்.

அடியின் சரிவு 10 பாகையைத் தாண்டினால், முகத்தை மட்டமாக்கச் சரிவுக்கு அறுத்த மட்டக்கட்டை வெளியிலும் உள்ளிலும் வேண்டும். 3 மில்லிமீட்டர் வழிகாட்டித் துளையை உள்ளேயிருந்து போட்டு, வெளியே எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தபின் பெரிய துளையை வெளியேயிருந்து வட்ட வாளால் வெட்டுங்கள். வெட்டிய மர விளிம்பை எப்பொக்சியால் மூடுங்கள். இறக்கியவுடன் கசிவு பாருங்கள். பார்க்க ஆளில்லாமல் 3 மணித்தியாலத்துக்கு மேல் விடாதீர்கள். முதல் 24 மணித்தியாலமும் இடையிடையே பாருங்கள். சிறு கசிவு உடனே கண்ணில் படாது.

இன்னொன்று: ட்ரான்ஸ்டியூசர் இருக்கும் இடத்துக்கு நேரே படகின் மேல் விளிம்பில் பெயின்டால் குறி வைத்துவிடுங்கள். திருத்த மேலே ஏற்றும்போது தாங்கு கட்டையை அதன்மீது வைத்து நசுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: எஞ்சினை இயக்கியதும் திரை முழுவதும் புள்ளியும் கோடுமாக வருகிறது. கேபிளும் மிக நீளம். மிஞ்சியதை வெட்டி ஒட்டலாமா?
(வாசகர், கொழும்பு 15)

பதில்: வெட்டவேண்டாம். உள்ளே மெல்லிய கம்பிகளைச் சுற்றி வலைக்கவசம் ஓடுகிறது. ஒட்டுப் போட்ட இடத்தில் கவசம் அறுந்து இரைச்சல் நுழையும், உப்புநீரும் நுழையும். மிஞ்சியதைப் பெரிய 8 வடிவில் தளர்வாக மடித்துக் கட்டிவையுங்கள்.

இரைச்சலுக்கு எங்கே காரணம் என்று அறிய, நங்கூரமிட்டு எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். கோடுகள் மறைந்தால் மின் இரைச்சல். கேபிளை எஞ்சின் வயர்களிலிருந்தும் வீஎச்எஃப் வானொலிக் கேபிளிலிருந்தும் பிரித்து, படகின் மறுபக்கத்தால் கொண்டுபோங்கள். கருவிக்குப் பற்றரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுத்து, கைநூலில் சொன்ன பியூஸைப் பற்றரிக்கு அருகில் போடுங்கள். சிறு கருவிகளுக்குப் பெரும்பாலும் 3 அம்பியர். இன்னும் போகாவிட்டால் கருவிக்கு மட்டும் தனியாக ஒரு 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி வையுங்கள். அரை அம்பியர் இழுக்கும் கருவிக்கு, பற்றரியைப் பாதிக்குமேல் வற்றவிடாமல், 7 மணித்தியாலம் தாங்கும்.

கேள்வி: வாடகை வள்ளத்தில் போகிறேன். துளை போட முடியாது.
(வாசகர், நீர்கொழும்பு)

பதில்: முதற்பதிலில் சொன்ன பலகையும் கிளாம்புமே உங்களுக்கு நிரந்தரமாகப் போதும். பக்கவாட்டில் வைப்பதானால் ஒரு அலுமினியக் குழாயின் நுனியில் ட்ரான்ஸ்டியூசரைப் பூட்டி, வள்ளத்தின் விளிம்பில் கிளாம்பால் இறுக்கி, ஒரு அடி ஆழத்தில் இறக்குங்கள். ஓடும்போது தூக்கிவிடுங்கள். சமநிலைக் கட்டை உள்ள வள்ளமானால் அதற்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். கட்டை கிளப்பும் நுரை முகத்துக்கு வராது.

கேள்வி: களப்பில் ஓராள் ஆழமும் இல்லாத இடத்தில் இரண்டு மடங்கு ஆழம் காட்டுகிறது. கடலிலும் வரைபடத்தில் உள்ள எண்ணோடு பொருந்தவில்லை.
(வாசகர், நீர்கொழும்பு)

பதில்: இரண்டும் வேறு வேறு காரணம். ஆழம் குறைந்து தரை கெட்டியாக இருந்தால், எதிரொலி மேலே வந்து நீர்மட்டத்திலும் படகின் அடியிலும் பட்டு மறுபடி கீழே போய் இரண்டாம் முறையும் வரும். கருவி அந்த இரண்டாவதைத் தரையென்று எடுத்துக்கொண்டால் 4 அடி 8 அடியாகிவிடும். கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவை) குறையுங்கள், ஆழ வீச்சைத் தானியக்கத்திலிருந்து எடுத்து 0 முதல் 5 மீட்டர் என்று கையால் வையுங்கள். ஒரு கம்பை ஊன்றி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மிக மேலோட்டமான நீரில், அரை மீட்டர் அளவில், பல கருவிகள் எதையும் சரியாகக் காட்டமாட்டா. அங்கே கம்புதான் கருவி.

கடலில் வரும் வேறுபாட்டுக்கு முதலில் அளவை அலகைப் பாருங்கள். திரை பாகத்தில் இருக்க, வரைபடம் மீட்டரில் இருக்கலாம். 1 பாகம் 1.83 மீட்டர். அடுத்து, கருவி காட்டுவது ட்ரான்ஸ்டியூசரின் முகத்திலிருந்து தரைவரை உள்ள ஆழம். முகம் நீர்மட்டத்துக்கு 30 சென்ரிமீட்டர் கீழே இருந்தால் மெனுவில் ஓஃப்செட் +0.3 மீட்டர் கொடுங்கள், நீர்மட்டத்திலிருந்து ஆழம் வரும். தரை தட்டுவதுதான் கவலையென்றால் மறுவழியில் கொடுங்கள்: எஞ்சினின் கீழ் நுனி முகத்தைவிட 35 சென்ரிமீட்டர் தாழ்ந்திருந்தால் -0.35. அப்போது திரையில் 0 வந்தால் எஞ்சின் தரையைத் தொடுகிறது. இரண்டில் எதை வைத்திருக்கிறீர்கள் என்று கருவிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். படகை இன்னொருவர் ஓட்டினால் அவருக்கும் தெரியவேண்டும்.

வற்றுப்பெருக்கால் வரும் வேறுபாடு கொழும்பில் முக்கால் மீட்டருக்கு உட்பட்டதே. ஒலியின் வேகம் இன்னொன்று. பல கருவிகள் நொடிக்கு 1500 மீட்டர் என்று கணக்கிடுகின்றன. 28 பாகை செல்சியஸில் உள்ள நம் கடல்நீரில் அது ஏறத்தாழ 1540. அதனால் உண்மையில் 40 மீட்டர் உள்ள இடம் 39 என்று வரும். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டுவதால் ஆபத்தில்லை, திருத்தத் தேவையுமில்லை.

கேள்வி: பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க ட்ரான்ஸ்டியூசருக்கும் அடிப் பெயின்ட் அடிக்கலாமா?
(வாசகர், பாணந்துறை)

பதில்: நீரில் கரைத்துச் செய்த வகை மட்டும், மெல்லிய ஒரு படை. தின்னர் வாசம் வீசும் வகை முகத்தின் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். சிப்பி ஒட்டிவிட்டால் உளி, கம்பித் தூரிகை வேண்டாம். பிளாஸ்டிக் விளிம்பால் நீவி எடுத்து, மிஞ்சியதை 220 இலக்க மணற்தாளை நனைத்து மெதுவாகத் தேயுங்கள். தினமும் கரையேற்றும் படகுக்குப் பெயின்டே தேவையில்லை. சவர்க்கார நீரும் துணியும் போதும். தென்மேற்குப் பருவக்காற்றில் படகைப் பல வாரம் தொழிலுக்கு இறக்காமல் நீரிலேயே கட்டிவைப்பவர்கள், மறுபடி ஓட்டுமுன் முகத்தைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும்.